கார்த்திகை மாதத்து முட்டை

"அடுத்து நீங்கதான், ஒன்னுக்குப் போயிட்டு வந்து உக்காருங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனது எப்போதோ. அடுத்ததும் ஆகவில்லை, அதற்கு அடுத்ததும் ஆகவில்லை. ரேணுகா இரண்டு தரம் போய்விட்டு வந்து, அதே நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வளர்ந்திருக்கக் கூடாது. சீ, என்ன நினைப்பு இது, எவளாவது இந்த ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்துகொண்டு தன் முட்டை வளரக் கூடாது என்று வேண்டுவாளா? வளரட்டும், நல்லா வளரட்டும். வளர்ந்தால்? வளர்ந்தால் என்னடி பண்ணுவே? முந்தாநாள் பார்த்தபோது பதினாலு மில்லிமீட்டர். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, "இடது பக்கம் ஒன்னு முந்திக்கிட்டு வருது ரேணுகா, பதினெட்டத் தொட்டுட்டா ஊசி போட்டுறலாம்" என்றார். ஊசி போட்டால் ஒன்றரை நாளில் முட்டை பையை உடைத்துக்கொண்டு வெளியே வரும். வந்தால் ஒரு நாள்தான் அதற்கு ஆயுசு, அதற்குள் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதெல்லாம் அவளுக்கு இப்போது மனப்பாடம். மனப்பாடமாகி என்ன? புருசன் நல்லசிவம் கழுத்தில் துளசி மாலையும், கறுப்பு வேட்டியும், இரண்டு வாரத்துத் தாடியுமாக, செருப்பில்லாத காலை மடக்கிக்கொண்டு மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்திருக்கிறார். கார்த்திகை பிறந்ததும் போட்ட மாலை. மலைக்குப் போய் இருமுடியை இறக்கிவிட்டு வருகிற வரைக்கும் அவர் புருசன் இல்லை, சாமி. அவளே அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். சாமி, காப்பி வச்சிருக்குது. சாமி, கடைக்கு நேரமாச்சு. அந்தச் சாமியிடம் போய், சாமி, ஊசி போட்டுட்டேன், இன்னிக்கும் நாளைக்கும் கட்டிலுக்கு வந்துருங்க என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் எதற்காகப் போட்ட மாலை? பிள்ளை வரம் கேட்டுப் போட்ட மாலை. அத்தை நேர்ந்துகொண்டது, மகன் போட்டுக்கொண்டது. இதைக் கேட்டால் ஊர் சிரிக்கும், அவளுக்கே இப்போது சிரிப்பு வந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பள்ளப்பட்டிக்காரி, பெயர் ஃபௌசியா, பெயர் தெரிந்ததே போன தடவைதான். இந்த ஹாலில் யாரும் பெயர் கேட்பதில்லை. "உங்களுக்கு எத்தனாவது நாளுங்க அக்கா?" என்பார்கள், இவள் பன்னிரண்டு என்பாள், அவள் பத்து என்பாள், அவ்வளவுதான், உறவாகிவிட்டது. தூரமான நாளிலிருந்து எண்ணுகிற கணக்கு. வெளியே சொன்னால் கூசுகிற கணக்கை இங்கே பஸ் நம்பர் மாதிரிச் சொல்லிக்கொள்கிறார்கள். "எனக்கு முட்டை இன்னும் ஒம்பது மில்லியிலயே நிக்குதுக்கா" என்றாள் ஃபௌசியா, "அவரு துபாயிலிருந்து லீவுல வந்திருக்காரு, லீவு முடியறதுக்குள்ள வளந்தாத்தான் உண்டு. மெதுவா வர்றதுக்கு இதென்ன ஆடி அசைஞ்சு வர்ற தேரா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், கண் மட்டும் சிரிக்கவில்லை. உங்க வீட்டுக்காரர் வரலீங்களா என்று கேட்டாள். கடை இருக்குது என்றாள் ரேணுகா. பொய்யில்லை, கடை இருக்கத்தான் இருக்கிறது. இவளுக்கு ஆள் வந்திருக்கிறது முட்டை வரவில்லை, எனக்கு முட்டை வந்துகொண்டிருக்கிறது ஆள் மலைக்குப் போகிறது, மேலே இருக்கிறவனுக்கு ஒரு கணக்கும் ஒழுங்காக வராதா என்று நினைத்தாள், நினைத்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மேலே இருக்கிறவன் மட்டுமா, நாமும்தான் என்ன கணக்குப் போட்டோம். கலியாணமாகி மூன்று வருசம் அவள் நினைத்திருந்தது, மாசாமாசம் வெளியே போகிறதே அதுதான் முட்டை என்று. அது வந்து முடிந்து தலைக்கு ஊற்றிக்கொண்ட அன்றைக்குத்தான் பிள்ளை தங்கும் என்று யாரோ சொல்ல, அந்த ஒரு நாளையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள் இருவரும். மற்ற நாளில் கிருத்திகை, சஷ்டி, அமாவாசை, போதாததற்கு அஷ்டமி நவமி, அத்தை நாட்காட்டியைப் பார்த்து, "இன்னிக்கு வேண்டாங் கண்ணு, பொறக்கறது ஊனமாப் போயிரும்" என்று கதவுக்கு வெளியே நின்று சொல்வார். எந்த நாளில் கதவு திறந்திருக்க வேண்டுமோ அந்த நாளிலெல்லாம் சாமி கும்பிட்டிருக்கிறோம் என்பது டாக்டரம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது. அது தெரிந்தபோதுகூட, கதவு திறந்து என்ன பண்ண, உள்ளே ஆளே இல்லையே என்பதும் கூடவே தெரிந்தது.

டாக்டர் அனுசுயா நல்ல மனுசி. முதல் நாளே ஒரு காகிதத்தை இழுத்துப் போட்டுப் படம் வரைந்து காட்டினார். மாசாமாசம் இந்தப் பையிலிருந்து பத்துப் பதினைந்து கிளம்பும், அதில் ஒன்று முந்திக்கொள்ளும், மற்றதெல்லாம் ஒதுங்கிச் சுருங்கிப் போகும், முந்தினது வளர்ந்து வெடித்து வெளியே வரும். "உனக்கு என்ன ஆகுதுன்னா, டவுன் பஸ் வந்தா எல்லாரும் ஒரே நேரத்துல படியில ஏறப் பாக்கறமில்ல, யாரும் உள்ள போகாம படியிலேயே நெரிச்சுட்டு நிக்கறமில்ல, அப்பிடி நிக்குது. நீர்க்கட்டி நீர்க்கட்டின்னு நீ பயப்படறது கட்டியே இல்ல, வளராம நின்னுபோன பைங்க." அதைக் கேட்டு ரேணுகாவுக்குப் பயம் போனது, அதற்குப் பதிலாக வேறு ஒரு துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அத்தனை பேர் உள்ளே நின்றுகொண்டு ஒருத்தருக்கும் போகத் தெரியவில்லையே. மாத்திரை கொடுத்தார். இது முட்டையை வளர்க்கிற மாத்திரை இல்லை, மூளையை ஏமாற்றுகிற மாத்திரை என்றார். உடம்பில் சுரப்பு போதவில்லை என்று மூளை நம்பிவிடும், நம்பி, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று கீழே விரட்டும், அந்த விரட்டில் ஒன்றாவது முன்னே வரும். மாத்திரை சாப்பிட்ட நாளெல்லாம் காது மடல் காந்தும், மண்டை இடிக்கும், வேலை பார்க்கிற துணிக் கம்பெனியில் செக்கிங் மேஜை மேல் விரித்த படுக்கை விரிப்பில் இழை விட்ட இடம் எது, கண்ணில் பூச்சி பறக்கிற இடம் எது என்று தெரியாமல் தடவிக்கொண்டே நிற்பாள். ஆகட்டும், மூளை ஏமாந்தால் சரி என்று இருந்தாள். மூளை ஏமாந்ததோ இல்லையோ, அவள் ஏமாந்தாள். ஒவ்வொரு மாசமும் ஸ்கேனில் எட்டு, ஒன்பது, மறுபடி போனால் அதே ஒன்பது. மூன்று மாசம் இப்படிப் போனது. சரி, ஒரு மாசம் உடம்புக்கு ஓய்வு கொடுப்போம் என்று டாக்டர் சொன்னார், அந்த ஓய்வைக் கேட்டுக்கொண்டுதான் நல்லசிவம் மாலை போட்டார். "உனக்காகத்தான் அம்மிணி போடறேன்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். மாலை போட்ட நாலாம் நாள், வரவைக்கிற மாத்திரை ஏதும் போடாமலேயே, தானாக வந்துவிட்டது அவளுக்கு. மாலை போட்ட வீட்டில் தூரமானவள் இருக்கக் கூடாது, அத்தை துணிப்பையை எடுத்துக் கையில் கொடுத்து அரவக்குறிச்சிக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பினார். போகிற வழியில்தான் ஆஸ்பத்திரி. பஸ் அங்கே நின்றது, அவள் இறங்கிவிட்டாள். ஏன் இறங்கினாய் என்று இன்றைக்கு வரைக்கும் யாரும் கேட்கவில்லை, அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. தானாக வந்ததே என்று ஒரு சந்தோசம், அவ்வளவுதான். "வீட்டுக்காரர் ஊர்லதான இருக்காரு?" என்று டாக்டர் கேட்டார். "இருக்காருங்க" என்றாள். ஊரில்தானே இருக்கிறார்? டாக்டர் மறுபடி அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அம்மா வீட்டில் ஐந்து நாளும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் மாத்திரையை விழுங்கினாள். மூளையை ஏமாற்றியாயிற்று, டாக்டரை ஏமாற்றியாயிற்று, அத்தையை, அவரை, கடைசியில் சாமியைக்கூட. எல்லாம் எந்தத் தைரியத்தில்? எப்படியும் வளரப் போவதில்லை என்கிற தைரியத்தில்.

இப்போது வளர்கிறது. சொல்லலாமா வேண்டாமா. சொன்னால் அவர் என்ன செய்வார்? ஒரு நிமிசம் நிற்பார். அந்த ஒரு நிமிசத்துக்குத்தான் அவள் பயந்தாள், வேறு எதையும் விட. கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, கழுத்து மணியை விரலால் உருட்டிக்கொண்டு, "பாக்கலாம் அம்மிணி" என்பார். அந்தப் பாக்கலாமுக்குப் பிறகு அவள் அவரோடு எப்படி வாழ்வது? சரி, நிற்காமல் கழற்றிவிட்டார் என்றே வை. அத்தை அதைப் பார்ப்பார். சாமி குத்தம் என்று வாசலில் உட்கார்ந்து அழுவார். பிள்ளை தங்கவில்லை என்றால் அதனால்தான் தங்கவில்லை, தங்கிப் பிறந்து அதற்கு ஒரு காய்ச்சல் வந்தால் அதனால்தான் காய்ச்சல், பேச்சு வரக் கொஞ்சம் தாமதமானால் அதனால்தான் தாமதம். பிறக்காத பிள்ளையின் தலையில் இத்தனை பழியா? அப்போ சொல்லாதே. சொல்லாமல் விட்டால், இது வெடித்து, ஒரு நாள் இருந்து, கரைந்து போகும். ஒருத்தருக்கும் தெரியாது. முப்பத்திரண்டு வயசில் முதல்முதலாக, அவளுக்குத் தெரிந்து முதல்முதலாக, ஒன்று படியேறி உள்ளே வந்திருக்கிறது, அதை வா என்று சொல்லக்கூட ஆளில்லாமல் திருப்பி அனுப்பவா? அடுத்த மாசம் வரும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? இது ஒன்றுதான் இருந்து, இதுவும் போய்விட்டால்? பதினாலிலேயே நின்றிருக்கட்டுமே. நின்றிருந்தால் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, அழுதுவிட்டு வேலைக்குப் போகலாம், அது பழகின அழுகை. இடது பக்கம் லேசாக இழுத்துப் பிடித்தது. காலையிலிருந்தே அப்படித்தான். கையை அங்கே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "ரேணுகா நல்லசிவம்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

ஏசி அறையில் உடம்பு சிலிர்த்தது. போர்வையை இடுப்புக்கு மேல் இழுத்துவிட்டு, முழங்காலை மடக்கிக்கொண்டு, வழக்கம்போல மேலே சீலிங்கையே பார்த்துக்கொண்டு படுத்தாள். கருவி சில்லென்று உள்ளே போனபோது பல்லைக் கடித்தாள், இதற்கு எத்தனை தடவை வந்தாலும் பழகாது. டாக்டர் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருக்கிறாரே, நின்றுபோய்விட்டது, நின்றேபோய்விட்டது என்று நினைத்தாள். ஐயோ என்று உள்ளே ஏதோ விழுந்தது. அவள் இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே, பிறகு ஏன் விழ வேண்டும்? "திரும்பி இங்க பாரு" என்றார் டாக்டர். திரையில் சாம்பலாக ஒரே மூட்டம், நடுவே கறுப்பாக, உருண்டையாக, பன்னீர்த் திராட்சை மாதிரி ஒன்று. டாக்டர் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கோடு இழுத்தார். "பதினெட்டரை. ஜம்முனு இருக்குது. கர்ப்பப்பைச் சவ்வும் நல்லா வந்திருக்குது. இன்னிக்கே ஊசி போட்டுக்கலாமா?" ரேணுகாவுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. இது என்னுடையது, என் உடம்பு செய்தது, எனக்கும் செய்யத் தெரிந்திருக்கிறது. எத்தனை நேரம் பார்த்தாளோ, "சொல்லும்மா" என்றார் டாக்டர் மறுபடி. "அவரு மாலை போட்டிருக்காருங்க டாக்டர்" என்றாள். கருவி அப்படியே நின்றது. டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார், திட்டப் போகிறார் என்று ரேணுகா கண்ணை மூடினாள். "கார்த்திகை பொறந்தா என் வரிசையில பாதிப் பேரு காணாமப் போயிருவாங்க, தைக்குத்தான் திரும்பி வருவாங்க. உனக்கு அது தெரியாதா? அப்பறம் ஏம்மா வந்த?" ரேணுகா வாயைத் திறந்தாள். வேறு ஒன்றும் வரவில்லை, உள்ளதுதான் வந்தது. "வளராதுன்னு நெனச்சேனுங்க." டாக்டர் கருவியை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். "வளந்துருச்சேம்மா" என்றார். பிறகு சொன்னார்: போய் அவரிடம் பேசு, மத்தியானத்துக்குள் சொன்னால் ஊசி போடலாம், முடியாது என்றாலும் குடி முழுகிவிடாது, சில பேருக்கு ஊசி இல்லாமல் தானாகவே வெடிக்கும், உனக்கு வெடிக்கிறதா என்று நாளன்னைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம், அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரிப் படியில், மாத்திரைக் கடைக்கு எதிரே நின்று போன் போட்டாள். இரண்டு அடியிலேயே எடுத்துவிட்டார். "சாமி சரணம், சொல்லு அம்மிணி." பின்னால் காயில் சுற்றுகிற மெசினின் கரகர சத்தம். "சாமி, நான் கம்பெனியில இல்லீங்க, ஆஸ்பத்திரியில இருக்கறேன்" என்றாள், "ஒன்னும் பயப்பட வேண்டாம், உங்களுக்குத் தெரியாம மாத்திரை சாப்பிட்டுட்டேன், வளராதுன்னுதான் சாப்பிட்டேன், இப்பப் பாத்தா வளந்துருச்சுங்க." மெசின் சத்தம் நின்றது. இதோ, அந்த ஒரு நிமிசம் வருகிறது, வந்துவிட்டது என்று படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவா?" என்றார். "நெசமாத்தானுங்க. பதினெட்டரை." "அப்ப இன்னிக்கு ஊசியா?" "ம்." "குருசாமிகிட்டச் சொல்லிட்டுக் கழட்டிர்றேன். நீ ஊசியப் போட்டுக்க." அவ்வளவுதான். மூச்சு விடக்கூட இடமில்லாமல் சொல்லிவிட்டார். அவள் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்த நிமிசம் வரவே இல்லை. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க சாமி" என்றாள். "யோசிச்சாப் பயம் வந்துரும் அம்மிணி. அதுக்குத்தான் யோசிக்காமச் சொல்றேன்." ரேணுகா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். இந்த மனுசனையா ஒரு நிமிசம் நிற்பார் என்று நினைத்தேன்? இத்தனை வருசம் ஒரே தட்டில் சாப்பிட்டு என்னத்தைக் கண்டேன் நான்? சந்தோசமாக இருந்தது. அதற்கு அடியிலேயே, அவர் குரலில் ஒரு நடுக்கம் இருந்ததும் காதில் ஏறியிருந்தது. அவரை அவளுக்குத் தெரியும். யாருடைய மோட்டாருக்காவது கம்பியின் கனம் மாற்றிச் சுற்றிவிட்டார் என்றால் அந்த மோட்டார் எங்கோ ஒரு தோட்டத்தில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தாலும் அவர் இங்கே சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். பிள்ளை பிறந்தால் அதை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மூச்சை எண்ணிக்கொண்டு, ஆயுசுக்கும் பயந்துகொண்டிருப்பார். யோசிக்காமல் சொன்னதற்கு அப்புறம் ஆயுசு முழுக்க யோசிப்பார். "வேண்டாமுங்க" என்றாள். "என்ன வேண்டாம்?" "கழட்ட வேண்டாம். மலைக்குப் போயிட்டு வாங்க." "அது வீணாப் போயிருமே அம்மிணி?" வீணாகத்தான் போகும். அடுத்தது வருமா, வராதா, அவளுக்கு நிச்சயம் இல்லை, டாக்டருக்கே நிச்சயம் இருக்காது. "போகட்டுமுங்க" என்றாள், "இத்தன நாளா எனக்கு வரவே வராதுன்னு இருந்தேன். வருதுங்க. அது போதும் இப்போதைக்கு. தை மாசம் மறுபடி பாக்கலாம்." அவள் மூக்கை உறிஞ்சினது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "அழுகறயா அம்மிணி?" "ஆமாங்க." "நானுந்தான்" என்றார் சாமி. கடையில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், இருப்பா என்று அவர் அதட்டுவது கேட்டது.

முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஃபௌசியாவின் நாற்காலி காலி, உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள், அவளுக்காவது பத்தாகவோ பதினொன்றாகவோ இருக்கட்டும் என்று போகிற போக்கில் வேண்டிக்கொண்டாள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஊசி போட்டுக்கறீங்களா அக்கா?" "இல்லீங்க. நாளன்னைக்கு ஸ்கேனுக்கு மட்டும் பேர் எழுதிக்கங்க." அந்தப் பெண் பேனாவை மேஜையில் வைத்தாள். புதுசாகச் சேர்ந்தவள், நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். "வீட்டுக்காரரு மாலை போட்டிருக்காருன்னு டாக்டரம்மா சொன்னாங்களே. இந்த மாசந்தான் இல்லைன்னு ஆயிருச்சே, அப்பறம் ஸ்கேன் எதுக்குங்க அக்கா? வெடிச்சா என்ன, வெடிக்காட்டி என்ன?" ரேணுகா இடது பக்கம் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வரட்டுமுங்க" என்றாள். "அது வர்றப்ப யாராச்சும் ஒருத்தர் இருக்கோணுமில்ல."